லோரியில் போன ஒன்றாம் ஆண்டு

15 ஜூன் 2021, செவ்வாய்

பிரேமா இன்று விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பிவிட்டாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடையாள அட்டை எண்ணைக் கட்டம் கட்டமாக எழுதினாள். இருபத்தாறு வருட ஆசிரியர் வேலை. நான் எதிரே மாம்பழம் தின்றுகொண்டிருந்தேன். சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை. சரக்கு பிடித்துவிட்டது என்று காட்டினால் விலை ஏறும், அது எனக்குப் பழக்கம். கூலிம் டவுனில் ஒரு கடை காலியாகப் போகிறது. தோட்டம் தோட்டமாக லோரியில் மீனும் காய்கறியும் விற்கிற நான் ஒருநாள் ஒரே இடத்தில் நின்று விற்க வேண்டும். அதற்குக் கல்லாவில் நம்பிக்கையான ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எதிரே எழுதிக்கொண்டிருந்தாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஒன்றாம் ஆண்டு ஆசிரியை ஜொகூருக்கு மாற்றலாகிப் போனதால், இந்த மாதம் அந்த வகுப்பு இவள் கைக்கு வந்தது. பள்ளியோ கொரோனாவால் மூடிக் கிடக்கிறது. பதினான்கு பிள்ளைகள்; ஒரு முகத்தையும் இவள் பார்த்ததில்லை. இணைய வகுப்புக்கு வருவது மூன்று பேர். அந்த மூன்றும் கேமரா போடுவதில்லை.

"கருப்புக் கட்டத்துக்கு வணக்கம் சொல்றேங்க. அது திருப்பிச் சொல்லுமா?"

தோலைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.

20 ஜூன், ஞாயிறு

வீட்டுப் பாடத் தாள்களைப் பைகளில் போட்டுக் கொடுத்தாள். ஊரடங்கில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அவள் போக முடியாது. எனக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறது. கங்கோங் கீரைக் கட்டுகளுக்கு நடுவே ஒன்றாம் ஆண்டு போயிற்று.

24 ஜூன், வியாழன்

தாள்கள் திரும்பி வந்தன. பாதி வெற்றுத் தாள். இரண்டு தாளில் மீன் தண்ணீர். ஒன்றில் யாரோ என் லோரியை வரைந்திருக்கிறார்கள், ஆறு சக்கரத்தோடு. பிரேமா அந்த ஒன்றை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4 ஜூலை, ஞாயிறு

யோசனை என்னுடையது. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

லோரியின் மேல் ஸ்பீக்கர் இருக்கிறது. கெம்போங் மீன், கத்தரிக்காய் என்று என் குரலே தினமும் கத்துகிறது. "உன் பாடத்தைப் பதிவு பண்ணிக் கொடு, போற வழியெல்லாம் போட்டுவிடறேன்" என்றேன். அவள் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. அது ஒரு காரணம். பிள்ளைகள் வெளியே வந்தால் அம்மாக்களும் வருவார்கள். அது இன்னொன்று.

தலைமையாசிரியையிடம் கேட்டாள். "செய்யுங்க பிரேமா. ஆனா பாடத்துக்கு நடுவுல மீன் விலை வரக்கூடாது" என்றாராம்.

துணி அலமாரியைத் திறந்து, புடவைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்கிறாள். அங்கேதான் எதிரொலி இல்லையாம்.

6 ஜூலை, செவ்வாய்

காலையில் பனி. ரப்பர் தோட்டத்துப் பால்மரங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. லோரி நிற்பது போலவும் மரங்கள் என்னைக் கடந்து எங்கோ வேலைக்குப் போவது போலவும் இருந்தது. தோட்டத்தின் மேல் பிரிவு வளைவில் பொத்தானை அழுத்தினேன்.

"வணக்கம் பிள்ளைகளே. கதவைத் திறங்க. முதல்ல என்ன தெரியுது? சொல்லுங்க."

பிறகு ஒன்றுமில்லை. சும்மா விட்டிருக்கிறாள். டயர் சரளையில் உருளும் சத்தம். எங்கோ ஒரு மைனா. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று நினைத்து, கையை நீட்டும்போது அவள் குரல் வந்தது: "ரொம்ப நல்லது. இப்ப அதோட நிறத்தைச் சொல்லுங்க."

மரங்களுக்குள் போன குரல் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. என் மனைவி எனக்கு முன்னாலும் பின்னாலும் பேசிக்கொண்டு வந்தாள். வீட்டில் பேசுகிற குரல் இல்லை இது. இந்தக் குரல் எதையும் அவசரமாகக் கேட்கவில்லை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. "ஆடு!" "அப்பா மோட்டார்!" "லோரி!"

பால்மரம் சீவிவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த முனியாண்டி, "பொண்டாட்டி!" என்று கத்தினார்.

"ரொம்ப நல்லது" என்றாள் பிரேமா, ஸ்பீக்கரில்.

லைன் முழுக்கச் சிரிப்பு. முனியாண்டி மனைவி குணவதியக்கா, "டீச்சரே சொல்லிட்டாங்க, இனிமே மறந்துடாதே லா" என்றார். ஒன்பது மணிக்கே மீன் பெட்டி காலி.

11 ஜூலை, ஞாயிறு

யாரும் இல்லாத செம்பனைத் தோட்டப் பாதையில் ஸ்பீக்கரை நிறுத்தாமல் ஓட்டினேன். "முதல்ல என்ன தெரியுது?" என்றாள். "ரோடு" என்றேன். "ரொம்ப நல்லது" என்றாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இதை எங்கே எழுதுவது, இங்கேதான் எழுத வேண்டும்.

22 ஜூலை, வியாழன்

கீழ்ப் பிரிவின் கடைசி வீடு காஞ்சனாவுடையது. கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. பகலில் தூங்குகிறாள், கைப்பேசி தலையணைக்கு அடியில். அவள் மகள் லோகேஸ்வரி கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேள்வி வந்தால் முதலில் தரையைப் பார்ப்பாள், பிறகு லோரியின் மேலே பார்ப்பாள், பிறகுதான் வாய் திறக்கும். அதற்குள் நான் ஒருவருக்கு மீன் நிறுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் சொல்வாள். மெதுவாக, முழு வாக்கியமாக. இன்று, "என் வீட்டு முன்னால் ஒரு கொய்யா மரம் நனைந்து நிற்கிறது" என்றாள்.

ஸ்பீக்கருக்கு அது கேட்காது என்று அவளுக்குத் தெரியுமா? நான் வந்து பிரேமாவிடம் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டாள்.

பாரம் இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை.

3 ஆகஸ்ட், செவ்வாய்

நாற்பது நிமிடப் பாடம். இரண்டு பிரிவையும் முடிப்பதற்குள் ஐஸ் உருகிவிடுகிறது. கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். பாதிக்குப் பாதி வெறும் மௌனம். கேள்வி, மௌனம், கேள்வி, மௌனம். யாரும் பேசாத நேரத்தை எதற்குச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்? வெட்டி ஒட்டினேன். இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்தது. அவளிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

5 ஆகஸ்ட், வியாழன்

இரண்டு சுற்று. நல்ல வியாபாரம்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

கதவுகள் திறக்கவில்லை. மேல் பிரிவில் இரண்டு பிள்ளைகள் நின்று, திரும்பிப் போய்விட்டார்கள். கீழ்ப் பிரிவில் தூக்கக் கண்ணோடு காஞ்சனா வந்தாள்.

"அண்ணே, டீச்சருக்கு என்ன கோவம்?"

"கோவமா? இல்லையே."

"லோகா கேக்குறா. இவ சொல்றதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடறாங்களாம். தான் தப்பா சொன்னதுனாலதான்னு நெனச்சுக்கிட்டா. இனிமே வெளிய வரமாட்டாளாம்."

கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால்தான் நின்றது. விரல்கள் மட்டும் தெரிந்தன.

என்ன வேலை பண்ணிட்டேன் நான்? மீனைக் கையில் எடுத்துப் பார்க்கிற ஆளை அவசரப்படுத்தினா கீழ வச்சிட்டுப் போயிடுவாங்க. இத்தனை வருஷம் எத்தனை பேரை இதே லோரி முன்னால யோசிக்க விட்டுட்டு நின்னிருக்கேன்? ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த நேரம் குடுக்கத் தெரியலையே.

11 ஆகஸ்ட், புதன்

இன்னொன்றும் எழுத வேண்டும். பொய் எழுத இந்த நோட்டு எதற்கு.

சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். "பிள்ளைகள் இப்போது வருவதில்லை" என்று மட்டும் சொன்னால் போதும். அவள் அன்றைக்கே கையெழுத்துப் போடுவாள். கூலிம் கடைக்காரரும் நேற்று போன் செய்தார். இன்று பகல் முழுவதும் அந்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் அலமாரிக்குள் தலையை விட்டு அடுத்த பாடத்தைப் பேசிக்கொண்டிருந்தாள். புடவைகளுக்கு வெளியே அவள் கை மட்டும் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டு, ஒவ்வொரு விரலாக மடக்குகிறாள். ஐந்து விரல் மடங்கி, மறுபடி இரண்டு விரித்தாள். பிறகு, "ரொம்ப நல்லது."

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், அந்த வாக்கியத்தையும் சேர்த்து.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ள கடைசியா பேசும்னு நான் கண்டேனா? யாரையும் நான் பார்த்ததே இல்ல. ஆனா எந்த வகுப்புலயும் ஒண்ணு இருக்கும். அதுக்குத்தான் ஏழு எண்ணுறேன்."

"தெரியாம பண்ணிட்டேன் பிரேமா."

"தெரியாமலா? வீட்லயும் நீங்க இதானே பண்றீங்க. நான் பேசி முடிச்சேன்னு எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

பதில் சொல்லப் போனேன். சொல்லவில்லை.

12 ஆகஸ்ட், வியாழன்

புதுப் பதிவு. வெட்டாதது. ஆரம்பத்தில் இதைச் சேர்த்திருக்கிறாள்: "போன வாரம் டீச்சர் ரொம்ப வேகமா பேசிட்டேன். தப்பு என்னோடது. நீங்க சொன்னது எல்லாம் சரி."

தப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டாள். கீழ்ப் பிரிவு கதவு திறக்கவில்லை.

17 ஆகஸ்ட், செவ்வாய்

திறக்கவில்லை.

19 ஆகஸ்ட், வியாழன்

பாடம் பாதியில் கதவு திறந்தது. லோகா வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தரை. லோரியின் மேலே. ஐந்து, ஆறு. "இன்னைக்குக் கொய்யா மரம் காய்ஞ்சிடுச்சு" என்றாள். நான் நிறுத்துக்கொண்டிருந்த மீன் தராசிலேயே இருந்தது. மேல் பிரிவில் என்னைத் தவறவிட்டு இங்கே வாங்க வந்த முனியாண்டியும் காத்து நின்றார்.

10 அக்டோபர், ஞாயிறு

பள்ளி திறக்கப் போகிறார்களாம். தீபாவளி முடிந்து.

6 நவம்பர், சனி

நாளைக்குப் பள்ளி; இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். பிரேமா மத்தியானம் சாப்பிடவில்லை. நீலப் புடவையை இஸ்திரி போட்டு, மடித்து, மறுபடியும் இஸ்திரி போட்டாள்.

"பயமா இருக்குங்க."

"உனக்கா? இருபத்தாறு வருஷம்—"

நிறுத்திக்கொண்டேன். அவள் சொல்லட்டும்.

"அலமாரிக்குள்ள பேசிப் பேசிப் பழகிட்டேன். புடவை என்னைத் திரும்பிப் பார்க்காது. நாளைக்கு அத்தனை முகம் பார்க்கும். நடுவுல எனக்கு வார்த்தை வரலைன்னா? அதுங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா?" இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, "நாளைக்குப் பார்த்துட்டு, சாயங்காலம் பாரத்துக்கு ஒரு முடிவு சொல்றேன்" என்றாள்.

கூலிம் கடைக்காரருக்கும் நாளை மறுநாள் பதில் சொல்ல வேண்டும். நானும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

7 நவம்பர், ஞாயிறு

புத்தகப் பெட்டிகள் இருந்ததால் லோரியில் கொண்டுபோய் விட்டேன். பெற்றோர் யாரும் உள்ளே போகக் கூடாது. ஒன்றாம் ஆண்டு வகுப்பு வேலியோரம். நான் லோரியை விட்டு இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டிருந்தது. திடல் முழுக்கத் தண்ணீர், அதில் வானம். பள்ளிக்கூடம் இரண்டு மேகத்துக்கு நடுவே மிதந்தது போல இருந்தது.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முகக்கவசத்தோடு, ஆளுக்கு ஒரு மேசை, கையைக் கட்டிக்கொண்டு. பிரேமா உள்ளே போய் வணக்கம் சொன்னாள். முகக்கவசத்துக்குள் அது எங்கேயோ போய்விட்டது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் வேலிப் பக்கம், என் லோரிப் பக்கம்.

லோகா கையைத் தூக்கினாள். "டீச்சர் எப்ப வருவாங்க?"

"நான்தாம்மா டீச்சர்."

"இல்ல." கொஞ்சம் யோசித்து, "டீச்சர் கரகரன்னு இருப்பாங்க" என்றாள்.

பிரேமா அப்படியே நின்றாள். நான் பொத்தான் மேல் கை வைத்துவிட்டேன், போட்டுவிடலாமா என்று. வேண்டாம். அவள் வகுப்பு.

மேசை மேல் இருந்த மணிலா அட்டையை எடுத்தாள். ஸ்பீக்கர் குழாய் போலச் சுருட்டினாள். முகக்கவசத்துக்கு மேல் வைத்து, மூக்கால் பேசுகிற மாதிரி: "வணக்கம் பிள்ளைகளே. கதவைத் திறங்க. முதல்ல என்ன தெரியுது?"

நாலைந்து பேர் நிஜமாகவே எழுந்து வகுப்புக் கதவுக்கு ஓடினார்கள். சத்தம், சிரிப்பு, ஒருவன் மேசையோடு விழுந்தான். பிரேமா யாரையும் அதட்டவில்லை. அட்டையைக் கீழே இறக்கி, காத்துக்கொண்டு நின்றாள். சத்தம் தானாக அடங்கியது. லோகா தரையைப் பார்த்தாள். பிறகு மேலே, ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நீல டீச்சர் தெரியுது."

பிரேமா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. லோரியைக் கிளப்பினேன். மீன் காத்திருக்கிறது.

8 நவம்பர், திங்கள்

நேற்று மாலையே பேச்சு முடிந்துவிட்டது. இன்று கூலிம் கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தெருவில் லோரி நிறுத்த இடமும் கிடையாது. பாரத்தை மீன் கட்டும் பழைய தாள்களோடு வைத்துவிட்டாள், நான் எடுக்கவில்லை.

"உங்க கடைக்கு என்ன செய்யறது?" என்று கேட்டாள். நஷ்டத்தை அப்படியே விடுகிற ஆள் இல்லை நான், அவளுக்குத் தெரியும். "அதுக்குப் பதிலா எனக்கு என்ன தருவே?" என்றேன். சனிக்கிழமைகளில் லோரியில் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், சும்மா பேசிக்கொண்டு வர வேண்டும் என்றேன். சிரித்துவிட்டாள். பிறகு பேரம் பேசினாள், இந்த வேலையை என்னிடமே கற்றுக்கொண்டவள்.

முடிவானது: இந்தப் பதினான்கு பிள்ளைகளும் ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை அவள் பள்ளியில். அதற்குள் ஓய்வைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. சனிக்கிழமை, நான் கேட்டது மாதம் நான்கு. அவள் சொன்னது ஒன்று. இரண்டில் முடிந்தது. காலை ஏழிலிருந்து பத்து வரை. மீனை அவள் தொடமாட்டாள்.