கட்டுக்கம்பி போட்ட திரை

ஜூன் 3, செவ்வாய்

வடக்குச் சுவர்ப் பக்கச் சாரத்துக்கும் வெள்ளைத் திரை ஏற்றிவிட்டோம். கட்டடம் முழுக்கப் போர்த்தியாயிற்று. சாரத்தின் மேல்தட்டில் நின்றால் ஊரே தெரிவதில்லை. வெயில் திரையைத் தாண்டி உள்ளே வரும்போது பாலாடை நிறமாகிவிடுகிறது. நிழலே விழுவதில்லை. மணி என்ன என்று தெரியாத ஒரு பகல். வேலை முடிந்தும் இறங்க மனமில்லை. கீழ்த்தட்டில் பூச்சுக்காரர் கரணையால் சுவரைத் தேய்க்கும் சத்தம், யாரோ நல்ல தூக்கத்தில் மூச்சுவிடுவது போல.

ஜூன் 5

சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் காய வேண்டுமாம். வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது. "உங்க திரை இருக்கிறவரைக்கும்தான் என் சுவருக்கு உயிரு," என்றார் பூச்சுக்காரர். இதைப் போய் அக்காவிடம் சொன்னேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

"நீ சுவரைப் பாத்துட்டு வர்றியா, பூசுறவரைப் பாத்துட்டு வர்றியா?"

அவள் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறவள் நான். எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனேன்.

ஜூன் 9

கேட்டே விட்டார். சாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம், சுற்றிலும் அந்த வெள்ளை வெளிச்சம்.

"நானும் தனி ஆளு, நீங்களும் தனி ஆளு. சேந்து இருந்துடலாமா?" அவர் மூக்கு நுனியில் சுண்ணாம்பு.

"திரை இறங்குற அன்னைக்குச் சொல்றேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். சாரம் போட்டுப் போட்டுப் பிரிக்கிற வேலையே செய்து, நிலையாக ஒன்று வேண்டும் என்று கேட்கவே கூச்சமாகிவிட்டது. முதல் கல்யாணம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

ஜூன் 10

கனவில் அக்கா வீட்டுக்கும் திரை போட்டிருந்தார்கள். உள்ளே அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். வெட்கக்கேடு.

ஜூன் 12

பெருங்காற்று வருமாம், செய்தியில் சொன்னார்கள். திரையை நாங்கள் ரப்பர் வளையத்தில்தான் மாட்டுவது. காற்று மீறினால் வளையம் அறுந்து திரை போகட்டும், சாரம் நிற்கட்டும் என்று. ஆட்களிடம் நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வதும் இதைத்தான்.

அப்பேர்ப்பட்ட நான், எல்லோரும் சாப்பிடப் போனதும், வடக்குப் பக்கம் நெடுகக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன். அவர் சுவர் இன்னும் ஈரம். இந்தத் திரை மட்டும் போகக் கூடாது.

ஜூன் 14

எழுத்தெல்லாம் கோணல்.

மத்தியானம் வந்தது காற்று. மற்ற பக்கங்களில் வளையங்கள் தெறித்து, திரை பறந்தது. வடக்குப் பக்கம் மட்டும் கப்பல் பாய் மாதிரி உப்பிக்கொண்டு... சாரமே சுவரை விட்டு விலகுது. "எந்த மடப்பய கம்பி போட்டான்?" என்று கீழிருந்து மேஸ்திரி கத்துகிறார். மடச்சி நான்தான்யா!

கத்தியோடு ஏறினேன். பார்த்தால், உள்ளே அவர். சாக்கை விரித்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறார். கிழித்தால் சுவர் போச்சு. கிழிக்காட்டி சாரம் சரிஞ்சு மனுசனே போயிடுவாரு. தெரியுது. தெரிஞ்சும் கை ஓடலை.

"சுவர் போனா மறுபடி பூசிக்கலாம். கிழிங்க!"

கிழித்தேன், மேலிருந்து கீழ் வரைக்கும். சாரம் அடங்கியது. மழை நேராகச் சுவரில் அடித்தது. சுண்ணாம்பு கரைந்து வெள்ளையாக எங்கள் காலடியில் ஓடியது.

"கம்பி போட்டது நான்தான்," என்றேன்.

"தெரியும். என் சுவருக்காக வேற யாரு இப்படிப் புத்தி கெட்டுப்போவாங்க?"

அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது.

"திரை இறங்கிடுச்சு," என்றேன்.

ஜூன் 15

மேஸ்திரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாமாம். நியாயம்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

விழித்தபோது அதே பாலாடை வெளிச்சம். நிழலே இல்லை. ஐயோ, சாரத்திலேயே தூங்கிவிட்டேனா, வளையமெல்லாம் பார்த்தேனா என்று பதறி எழுந்து உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு ஜன்னலில் வடக்குப் பக்கத் திரையின் துண்டு. அக்கா ஓரம் அடித்துக் கொடுத்தது. நான்தான் ரப்பர் வளையம் போட்டு மாட்டினேன்.

பக்கத்திலிருந்து அவர், கண்ணைத் திறக்காமலே: "இன்னைக்கு லீவு. படு."

படுத்துக்கொண்டேன்.