வீட்டில் இரண்டு பேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், கால் புண்ணைத் தவிர்த்துப் பார்த்தால் அப்பாவும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

அப்பாவின் சர்க்கரைப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் வந்துகொண்டிருந்த நர்ஸம்மா இப்போது வாரம் ஒரு நாள்தான் வருகிறார் என்று போனில் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. போன வருஷக் கணக்கெடுப்பின்படி நம் ஊரில் வீட்டுக்கு வீடு இளவயசு ஆட்களும் அதிகமாம், வருமானமும் அதிகமாம், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வசதியான ஊருக்குத் தினமும் நர்ஸ் எதற்கு என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். நம் மாவு மில்லில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாதா ஊர் நிலைமை? முன்பு ஒரு வீட்டிலிருந்து ஐந்து கிலோ அரைக்க வரும், இப்போது ஒரு கிலோ வருகிறது, அதிலும் பாதி மெஷினிலேயே ஒட்டிக்கொள்கிறது. கணக்கு எப்படி வீங்கியது என்று பார்த்தால், வீங்க வைத்ததே நாங்கள்தான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளையெல்லாம் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, அவர்கள் சம்பளத்தையும் பெருமையாக எழுத வைத்திருக்கிறோம். அதில் முதல் ஆள் உன் அம்மா. உன் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன், திட்டாதே.

மறுபடி கணக்கெடுக்கச் சொல்லி மனுவோடு நான்கு தடவை அலுவலகத்துக்கு அலைந்தேன், ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தெருவில் ஒருவரும் அசையவில்லை. டீக்கடைக்காரர், "சின்னவனுக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல வருமானத்தைக் குறைச்சுச் சொன்னா எவன் குடுப்பான்" என்றார். தையல்காரர் மனைவி, பெற்ற பிள்ளையை வீட்டில் இல்லை என்று சொல்ல வாய் வருமா என்று அழுதேவிட்டாள். எனக்கும் வரவில்லைதான். ஆனால் அந்த வாரம் கட்டைப் பிரித்தபோது அப்பாவின் கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. அன்றே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், விரல் தப்பியது, பதறாதே. திரும்பி வந்ததும் கணக்கெடுக்கும் பெண்ணை மில்லுக்கே வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் மெஷினை நிறுத்திவிட்டு, "எங்க வீட்ல ரெண்டே பேர்மா. மக வெளியூர்ல இருக்கா. அவ அனுப்புறது இவ்வளவு, மில்லுல வர்றது இவ்வளவு, எழுதிக்கோ" என்றேன். பழைய தாளில் இருந்த உன் பெயரை அவள் அடித்தாள். பிறகு தையல்காரர் மனைவி, எங்களுக்கும் ரெண்டுதான் என்றாள். அதற்கப்புறம் வரிசையில் நின்றார்கள். டீக்கடைக்காரர் கடைசியாக வந்து, பெண் வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று அவள் காதோடு சொல்லிவிட்டுக் கணக்கை எழுத வைத்தார். நானூறு என்று இருந்த ஊர் நூற்று எழுபதுதான், அதிலும் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள்.

அடுத்த மாதத்திலிருந்து நர்ஸ் மூன்று நாள் வருவார் என்று கடிதம் வந்திருக்கிறது. ஆறு நாளும் வரும்வரை நான் விடுவதாக இல்லை, திங்கட்கிழமை தெருவே திரண்டு அலுவலகத்துக்குக் கிளம்புகிறோம். நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம், எங்களால் முடியும். நீ குறையில்லாமல் இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ இருக்கும் ஊரிலும் கணக்கெடுக்க வருவார்கள், ஆபீஸ் அவசரத்தில் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடாதே. இருந்து பெயரைக் கொடு. இங்கே அடித்தாயிற்று, அங்கேயாவது நீ கணக்கில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி,
அம்மா