வலையில் வந்த உன் முகம்

என் கோபக்கார அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை, பதில் சொல்கிற இடத்தில் நீ இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன்னை நாங்கள் கடலில் போட்டுவிட்டோம் அக்கா. அஸ்தியைச் சொல்லவில்லை. உன் முகத்தைச் சொல்கிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்கு அடி அண்ணாமலையில் உன் வீட்டு வாசலில் புளியோதரை கொடுப்பாயே, அதை மாமா விடவில்லை. உன் பெயரில் தொடர்ந்து செய்கிறார். ஆனால் நீ கொடுத்த மாதிரி கொடுக்கவில்லை. நீ மந்தார இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, "இங்கயே நின்னு சாப்ட்டுட்டு எலைய அந்த ட்ரம்முல போட்டுட்டுப் போங்க" என்று அதட்டுவாய். இலையோடு நடையைக் கட்டப் பார்த்தவர்களை எத்தனை முறை கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறாய்! சாமி கும்பிட வந்தவர்களை இப்படி விரட்டாதே என்று சொல்லிச் சொல்லி மாமா அலுத்துப்போனார்.

நீ போன பிறகு அதட்ட ஆளில்லை. "நின்னு சாப்பிடச் சொன்னா கூட்டம் சேந்துடுது ஏழுமல. கவர்ல கட்டிக் குடுத்துட்டா நடந்துக்கினே சாப்பிடுவாங்க. ஜாஸ்தி பேருக்குப் போய்ச் சேரும்" என்றார் மாமா. சரி, அந்தக் கவரில் உன் படத்தைப் போடலாம் என்று யோசனை சொன்ன மகா புத்திசாலி யார் தெரியுமா? நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறவன் அக்காவுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா? என் கல்யாணத்தில் நீ சிரித்தபடி நின்ற படத்தை எடுத்து, பச்சை மையில் போட்டு, கீழே 'அமுதா அம்மாள் நினைவாக' என்று எழுதினேன். இந்த மாதிரி பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பௌர்ணமிக்கு மறுநாள் காலையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாதையோரம் எல்லாம் நீ கிடந்தாய். மிதிபட்டு, எண்ணெய் வழிந்து, சிரித்துக்கொண்டு. கூட்டுகிற பெண்கள் முடிந்தவரை அள்ளினார்கள். அவர்கள் கைக்கு எட்டாமல் ஓடையில் விழுந்ததைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மழை பெய்தால் அந்த ஓடைத் தண்ணீர் ஏரிக்குப் போகும். ஏரி நிரம்பினால் துரிஞ்சலாற்றுக்கு, அங்கிருந்து பெண்ணையாற்றுக்கு, பெண்ணையோடு கடலூர்க் கடலுக்கு. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் படம் வரைந்து மார்க் வாங்கியவன்தான் நான்.

இந்த ஆடி அமாவாசைக்கு உனக்குத் திதி கொடுக்க நானும் மாமாவும் கடலூருக்குப் போனோம். ஆறு கடலில் சேருகிற இடம், உன் அஸ்தியைக் கரைத்த அதே கரை. திதி முடிந்து ஈரத் துணியோடு மேலே வந்தோம். மணலில் ஒரு அம்மா வலையை விரித்துப் போட்டு, சிக்கியிருந்த பிளாஸ்டிக்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். வாயில் வசவு நிற்கவே இல்லை. நான் சும்மா இருக்காமல், "என்னம்மா, இவ்ளோ குப்பையா?" என்று கேட்டேன்.

"பின்ன? மேல இருக்கறவன்லாம் துன்னுட்டுப் போடுவான், எங்க வலைல வந்து வுழும். மீனு வயித்த அறுத்தாலும் இதான் இருக்குது" என்றவர், குவியலிலிருந்து ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இந்தப் பொம்பளயப் பாரு. போன மழையிலேர்ந்து எத்தினி தபா வந்துட்டா! எந்தக் கட்சி இவ?"

நீதான் அக்கா. பச்சை வெளுத்துப்போயிருந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் ஓட்டை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

மாமா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அந்த அம்மா உன்னைக் கசக்கிக் குவியலில் எறிந்துவிட்டு, அடுத்ததைப் பிடுங்கப் போய்விட்டார். கூடப் பிறந்தவளைத் தெரியாது என்று சொன்ன வாயை என்ன செய்தால் தகும், நீயே சொல்லு.

உன்னை எரிக்க ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அஸ்தியைக் கடல் ஒரே அலையில் வாங்கிக்கொண்டது. நான் அடித்த கவரை அது என்ன செய்யும்? கரைக்கவும் முடியாது, நமக்கே திருப்பி அனுப்பவும் முடியாது. வெயிலில் நொறுங்கித் துணுக்குத் துணுக்காகும். அதை மீன் தின்னும், மீனை ஆள் தின்பான். என் மகளுடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே கிடக்கும். உன்னை யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதானே அடித்தேன்? போதுமா?

நீ மட்டுமா? உன் கவரைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் என் கடைக்கு வந்தார்கள். அப்பா படம், அம்மா படம், விபத்தில் போன பிள்ளையின் படம். எல்லோரையும் நான்தான் அடித்தேன். எல்லோரும் இப்போது அந்தத் தண்ணீரில்தான் இருப்பார்கள்.

திரும்பி வரும்போது பஸ் திருக்கோவிலூரைத் தாண்டியதும் மாமா என் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல, "கடலு எம்மாம் பெருசு. நம்ம கவரு நாலு போனா இன்னா ஆயிடும்? ஆவணி பௌர்ணமிக்கு அடிச்சுக் குடுத்துடு" என்றார்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "எங்க அக்கா மூஞ்சிய இனிமே அடிக்க மாட்டேன். நீங்களும் அடிக்கக் கூடாது."

"அவ எனக்குப் பொண்டாட்டிடா. அவ நெனப்புக்கு வேற என்னா இருக்குது என்கிட்ட? நீ அடிக்கலன்னா ஊர்ல வேற கடையே இல்லியா?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. பாசம் இருந்தால் எதை வேண்டுமானாலும் எவன் தலையிலும் கொட்டலாமா? நம் துக்கத்துக்கு அந்த அம்மாவின் வலைதான் கிடைத்ததா?

கடைக்கு வந்ததும் உன் படம் ஏற்றிய அச்சுத் திரையைக் கிழித்துப் போட்டேன். படத்தோடு கவர் கேட்டு வருகிறவர்களிடம் முடியாது என்கிறேன், சண்டைக்கு வருகிறார்கள். மாமா சொன்னபடியே வேறு கடையில் அடித்துவிட்டார். கட்டு நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டதாம். பௌர்ணமி நாளை மறுநாள்.

அன்றைக்கு உன் வாசலில் நான் நிற்பேன். ஒரு கவரைக்கூட வெளியே போக விட மாட்டேன். மாமா கை நீட்டி அடித்தாலும், இனி இந்தப் படி மிதிக்காதே என்றாலும் சரி.

அதற்கு முன்னால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் கடலூருக்குப் போகிறேன். அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து, "அவங்க எந்தக் கட்சியும் இல்லம்மா, எங்க அக்கா. கடல்ல போட்டது நான்தான்" என்று சொல்வேன். அவர் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வலையிலிருந்து உன்னை என் கையாலேயே எடுப்பேன். இது சத்தியம்.

உன்னைத் தெரியாது என்று சொன்ன
உன் தம்பி,
ஏழுமலை