மாலை போட்ட படம்

சென்னை
22.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிருந்தாவும் நலம். ஷூட்டிங் முடியும்வரை போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம். நம் பிள்ளை டிவி பாட்டுப்போட்டியில் கடைசி ஆறு பேருக்குள் வந்துவிட்டாள். ஒன்பது வயதில் அவளுக்குப் பயமே இல்லை, கேமராவைக் கண்டால் நான்தான் நடுங்குகிறேன். மதிப்பெண்தான் கொஞ்சம் குறைவு.

அடுத்தது குடும்பச் சுற்று, ஆகஸ்ட் நான்காம் தேதி ஞாயிறன்று டிவியில் வரும். உங்கள் படம் ஒன்று வேண்டுமாம். மணிமுத்தாறு அருவியில் வெள்ளைச் சட்டையோடு எடுத்தோமே, அதைப் பெரிதாக்கி அனுப்புங்கள். ராத்திரியில் தயிர் வேண்டாம், உங்களுக்கு இருமல் வரும்.

உங்கள்
விஜயஸ்ரீ

அம்பாசமுத்திரம்
25.7.2024

அன்புள்ள விஜிக்கு,

படம் இத்துடன் வருகிறது. ஸ்டுடியோக்காரர் என்னைக் கொஞ்சம் சிவப்பாக்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசில்லை. கருவூலத்தில் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வந்த பென்ஷன்காரர்களிடம்கூட, ஞாயிற்றுக்கிழமை டிவி பாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். பிள்ளைக்கு வெந்நீர் மட்டும் கொடு.

உன்
குமரகுருபரன்

அம்பாசமுத்திரம்
5.8.2024

விஜயஸ்ரீ,

நேற்று டிவி பார்க்க நம் வீட்டில் இருபது பேர். பக்கத்து வீட்டு தாஜ் முகம்மது அண்ணாச்சி குடும்பத்தோடு வந்திருந்தார். என் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நீ, நெற்றியில் பொட்டில்லாமல், தாலியை உள்ளே மறைத்துக்கொண்டு நின்றாய். அப்பா மேலே இருந்து கேட்கிறார் என்று பிள்ளையைச் சொல்ல வைத்தீர்கள். அண்ணாச்சிதான் எழுந்துபோய் டிவியை அணைத்தார். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

யாருக்கும் பதில் சொல்ல முடியாமல் போனை அணைத்து வைத்தேன். அது வேறு வினையாகிவிட்டது. காலையில் பத்தமடையிலிருந்து அக்கா வந்து இறங்கினாள். நான் போய்விட்டேன் என்றே நம்பி, தலை முழுகிவிட்டு ஈரத் தலையோடு முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். வாசலில் என்னைக் கண்டதும் முதுகில் ஓர் அடி வைத்தாள். "ஏலே, உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டு அழுதாள்.

ஃபைனலுக்கான சம்மதப் படிவம் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. செத்தவன் எப்படிப் போடுவான்?

குமரகுருபரன்

சென்னை
8.8.2024

அத்தானுக்கு,

படம் கேட்டு எழுதும்போதே எனக்குத் தெரியும். மதிப்பெண் போதாது, வீட்டில் ஒரு கண்ணீர்க் கதை இருந்தால்தான் பிள்ளை போட்டியில் நிற்பாள் என்று டிவிக்காரர்கள் சொன்னார்கள். நம் வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கஷ்டமும் இல்லையே. ஒரு நாள் கூத்துதானே, பிறகு சிரித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன். அக்காவை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமைக்குள் படிவம் வராவிட்டால் பிருந்தா போட்டியில் இல்லை. தகப்பன் கையெழுத்து இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். உங்களுக்கு மாலை போட்டவர்களே அதைக் கேட்கிறார்கள். என் மேலுள்ள கோபத்தைப் பிள்ளை மேல் காட்டாதீர்கள்.

விஜயஸ்ரீ

அம்பாசமுத்திரம்
10.8.2024

விஜி,

கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். ஊரில் உள்ளவர்களின் உயிருக்கெல்லாம் சான்று எழுதுகிறவனுக்கு, தன் பெயரை எழுத ஒரு ராத்திரி முழுதும் ஆயிற்று. அவள் பாடட்டும். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவள் பாடுவதை நான் கேட்கமாட்டேன். நேரிலும் வரமாட்டேன், டிவியும் பார்க்கமாட்டேன். இதை அவளிடமும் சொல்லிவிடு.

குமரகுருபரன்

சென்னை
14.8.2024

அன்புள்ள அத்தானுக்கு,

போனைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆனால் இதைப் பேசிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் எழுதியதைப் பிருந்தாவிடம் சொன்னேன். நேற்று ஃபைனல். உங்கள் படத்தை மாலையோடு கொண்டுவந்து வைத்தார்கள். அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் மாலையைக் கழற்றினாள். "எங்க அப்பா அம்பாசமுத்திரத்துல நல்லா இருக்காவ" என்றாள். மைக் இல்லாமலே அத்தனை பேருக்கும் கேட்டது.

கேமராவை நிறுத்திவிட்டு என்னை வந்து விளக்கம் சொல்லச் சொன்னார்கள். நான் தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டேன். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளைப் பாடவும் விடவில்லை.

படத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன். சனிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்பி, ஞாயிறு காலை திருநெல்வேலியில் இறங்குவோம்.

பிருந்தா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இனிமே நான் பாடுனா அப்பா கேப்பாவளாம்மா?"

ஸ்டேஷனுக்கு வந்து நீங்களே பதில் சொல்லுங்கள்.

விஜி