விரால் எந்தக் குளத்தது

மார்ச் 6, 2012
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். காலை ஐந்தரைக்கு, தெருவுக்குத் தெரு மின்கம்பத்தில் கட்டிய வட்டார ஒலிபெருக்கிகளில் என் வெண்கலக் குரலில் வாசித்தேன்: "போரில் காட்டை மொட்டையடிக்கத் தெளித்த மருந்து, விமானதளத்தில் கசிந்து அங்குள்ள ஏரிச் சேற்றில் இன்னும் இருக்கிறது. அங்கே மீன் பிடிக்காதீர்கள், தின்னாதீர்கள்." ஆறரைக்கு விமானதளக் கம்பிவேலிக் கிழிசலில் நுழைந்து அதே ஏரியில் தூண்டில் போட்டேன். கால்சட்டை கம்பியில் மாட்டிப் பின்பக்கம் காற்றோட்டமாகிவிட்டது. இரண்டு விரால்.

ஒன்று எங்களுக்கு. இன்னொன்று, வாராவாரம் போல, பக்கத்து வீட்டுக் குயேனுக்கு. பிள்ளை பெற்று ஒரு மாதம். விரால் கஞ்சி குடித்தால் பால் ஊறும்.

"எந்தக் குளத்து மீன், தாம் மாமா?" என்று என் பெயர் சொல்லிக் கேட்டாள் குயேன்.

"என் மச்சான் குளம்" என்றேன். எனக்கு மச்சானே கிடையாது.

மார்ச் 13
சுகாதார நிலையத்து டாக்டரம்மா புது அறிவிப்பு கொண்டுவந்தார். ஒத்திகையாக வாசித்தவன் பாதியில் நிறுத்தினேன். இந்த நஞ்சு மீன் கொழுப்பில் தங்கும், தின்பவர் உடம்பில் சேரும், தாய்ப்பாலில் இறங்கும்.

"வேகவச்சா போயிடாதா?"

"போகாது."

"நல்லா கழுவினா?"

"தாம் அண்ணா, நாலு வருஷமா நீங்கதானே இதை வாசிக்கிறீங்க?"

வாசித்தேன். என் குரலை ரசித்தேன். சொன்னதைக் கேட்டதில்லை.

குயேனுக்கு இதுவரை ஐந்து விரால். குழந்தை கன்னம் உப்பியிருப்பது என் மீனால்தான் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேனே — பாவி!

மார்ச் 14
மனைவி லியெனிடம் சொன்னேன். "நாம தின்னது தொலையட்டும், கிழடுங்க. அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படிய்யா முழிப்பே? போய்ச் சொல்லு!"

போனேன். குயேன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியாரைப் பற்றி இரண்டு வம்பு கேட்டுவிட்டுத் திரும்பினேன். நல்ல வம்புதான். ரசிக்கவில்லை.

மார்ச் 15
பின்தெரு லூவின் மகளுக்கு இருபத்தாறு வயது. இன்னும் தலை நிற்கவில்லை. போர் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவள்; அவளையும் இதே நஞ்சு விடவில்லை. வாசல் நாற்காலியில் சாய்ந்திருப்பாள், என்னைப் பார்த்தால் சிரிப்பாள். தூண்டிலும் கையுமாகப் போகும்போதெல்லாம் நானும் கையாட்டியிருக்கிறேன். எப்படி மனசு வந்தது?

மார்ச் 16
தூண்டிலை உடைத்து அடுப்பில் வைத்தேன்.

மார்ச் 17
நேரில் கோழை, ஒலிபெருக்கியில் வீரன். அறிவிப்பு முடிந்ததும் சொந்தமாகச் சேர்த்தேன்: "நான் தாம். ஏரி விராலை மச்சான் குளத்து மீன் என்று பொய் சொல்லிக் குயேனுக்குக் கொடுத்தேன். அம்மா குயேன், இனி தின்னாதே. பிள்ளையை டாக்டரிடம் காட்டு. மன்னிச்சிடு." வட்டார அலுவலகத் தலைவர் வாயில் வந்தபடி திட்டினார். சுகமாக இருந்தது.

மார்ச் 18
தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. குயேன் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவு பெரிய மனசா! கண் கலங்கிவிட்டது.

மார்ச் 20
குயேன் காலித் தட்டைத் திருப்பித் தர வந்தாள். "இந்த வாரம் விரால் இல்லையா, மாமா?"

நின்ற இடத்திலேயே சொன்னேன். எல்லாவற்றையும். இல்லாத மச்சான் உட்பட. கத்தியிருந்தால் தேவலை. தட்டைத் தரையில் வைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன்.

"கூட வராதீங்க."

மாமா என்று சொல்லவில்லை.

என் அறிவிப்பு அவளுக்கு ஏன் கேட்கவில்லை என்று சாயங்காலம் மின்கம்பத்தில் ஏறிப் பார்த்த ஆள் சொன்னான்: எங்கள் தெரு ஒலிபெருக்கிக்குள் ஒரு பழைய சாக்கு. பச்சைக் குழந்தை விடியற்காலையில் தூங்கட்டும் என்று, அது பிறந்த வாரமே தெருக்காரர்கள் திணித்தார்களாம். அதற்கு ஏணி இரவல் கொடுத்தவன் நான். எதற்கென்று கேட்கவில்லை.