கல்யாணக் கேள்வியும் ஏரோப்ளேன் கேள்வியும்

கருப்பராயன் துணை

நெருப்பெரிச்சல்,
4-9-1967

அன்பு மகள் கருப்பாத்தாளுக்கு உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் போன வாரம் கன்று போட்ட சிவலைப் பசுவும் சௌக்கியம். நீயும் பம்பாய் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று கருப்பராயனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போன கடிதத்தில் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. விமானக் கம்பெனி வைத்த பரீட்சையில் நீதான் முதலாவது, ஆனால் உன்னிடம் பிளேன் ஓட்டக் கற்றுக்கொண்ட இரண்டு பையன்களுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது, உனக்கு மட்டும் விசாரித்துச் சொல்கிறோம் என்று வந்திருக்கிறது, அது என்ன விசாரிப்பு என்று கேட்டிருந்தாய். அந்த விசாரிப்பு நம் வீட்டுக்கே வந்துவிட்டுப் போயிற்று கண்ணு. அது வந்த விதத்தையும் போன விதத்தையும் உன் அப்பா சொல்வதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன், அவர் சொன்னால் முதலிலிருந்தே அவர் ஜெயித்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கும்.

ஆடி எப்போது முடியும் என்று காத்திருந்த தரகர் மணியன், ஆவணி பிறந்ததும் பிறக்காததுமாக வந்து, தாராபுரத்தில் ஒரு நல்ல இடம், ஒரே பையன், ஆற்றோரம் தோட்டம், பையனின் அப்பா ஆறுச்சாமி வெள்ளிக்கிழமை காலையில் சும்மா வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வருவார் என்றார். நீ பிளேன் ஓட்டுகிற விஷயத்தை மட்டும் மூச்சுவிடக் கூடாது என்று உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "புள்ளை பம்பாயில மேல்படிப்புப் படிக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க, கேட்டா தலையை மட்டும் ஆட்டிருங்க" என்றார். மேலே போகிற படிப்புத்தானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று உன் அப்பாவும் தன்னையே சமாதானம் செய்துகொண்டார். பெண்ணைக் கேட்காமல் எதற்கு இந்த வேலை என்று நான் சொன்னேன். பார்த்துவிட்டுத்தானே போகப் போகிறார், பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமா என்று எனக்கே பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் டையும் கையில் தோல்பையுமாக ஒருவர் ஜட்காவில் வந்து இறங்கி, பொங்கியண்ணன் வீடு இதுதானா என்று கேட்டார். அவர் பெயர் கந்தவேல், மதராஸில் உன் விமானக் கம்பெனியின் ஆபீசில் வேலைக்கு ஆள் எடுக்கிற அதிகாரி. இது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். "கருப்பாத்தாள் விஷயமா வந்திருக்கேன், குடும்பத்தைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்" என்று அவர் சொன்னதுதான் தாமதம், உன் அப்பா "வாங்க வாங்க, உங்களைத்தானுங்க எதிர்பாத்துட்டு இருந்தோம்" என்று கைகூப்பி உள்ளே கூட்டிவந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்துவிட்டார். டையைப் பார்த்துமா சந்தேகம் வரவில்லை என்று பிறகு கேட்டேன். தாராபுரத்துக்காரர் வசதியானவர் என்று நினைத்துக்கொண்டாராம். நானும்தான் அப்படி நினைத்து, சமையலறையில் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தேன், பேச்சு மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. முதல் கேள்வியே பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது என்பதுதான். "நீங்க சொன்னா வர்ற தையிலயே வெச்சுக்கலாமுங்க" என்றார் உன் அப்பா. வந்தவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவாளா என்று கேட்டார். "சேச்சே, அன்னியோட எல்லாத்தையும் நிறுத்திப்போடுவாளுங்க, ஊட்டை உட்டு வெளிய காலு வெக்க மாட்டா." குழந்தைகள் விஷயத்தில் என்ன எண்ணம் என்று கேட்கும்போது அந்த மனிதருக்கே கூச்சமாகிக் குரல் தாழ்ந்துவிட்டது. உன் அப்பாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை, "அடுத்த ஆடிக்குள்ள நல்ல சேதி வந்துருமுங்க, எங்க வம்சம் அப்படி" என்றார். ஆண்கள் சொன்னால் கேட்டு நடப்பாளா என்றதற்கு, "எதுத்து ஒரு வார்த்தை வராதுங்க" என்றார். எதிர்த்துப் பேசியதற்காகத்தான் உன்னைப் பள்ளிக்கூடம் மாற்றினோம் என்பது எனக்கல்லவா தெரியும், எனக்கு வந்த சிரிப்பில் ஒரு குழிப் பணியாரம் கருகிப்போயிற்று.

அப்புறம்தான் அவர், மகள் விமானம் ஓட்டுவதில் உங்களுக்குச் சம்மதம்தானா, பயம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். விஷயம் தாராபுரம் வரை போய்விட்டது என்று உன் அப்பாவுக்கு உதறல் எடுத்துவிட்டது. "ஆருங்க அப்படிச் சொன்னது? ஒருக்கா பொருட்காட்சியில ராட்டினம் ஏறுச்சுங்க, அதை வெச்சு ஆரோ கதை கட்டியிருப்பாங்க. பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்தாலே அவளுக்குத் தலை சுத்துமுங்க" என்றார். பேனா நிற்கவே இல்லை. கடைசியாக அந்த அதிகாரி, கேப்டன்கள் எல்லோரும் ஆண்கள், அவர்களோடு வெளியூரில் தங்க வேண்டி வரும், அதில் ஆட்சேபணை உண்டா என்றார். உன் அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏனுங்க, மாப்பிள்ளை ஒருத்தர்தானுங்களே, இந்தக் கேப்டனுங்க எல்லாம் ஆரு?" என்று அவர் கேட்ட சத்தம் சமையலறைக்கு வந்ததும் எனக்குச் சுரீர் என்றது. பணியாரத் தட்டோடு வெளியே வந்து, நீங்கள் தாராபுரமா என்று கேட்டேன். "இல்லம்மா, மதராஸ். விமானக் கம்பெனி" என்றார். நூல் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்த அன்றைக்குக்கூட உன் அப்பா முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்று, மணியனும் நிஜமான தாராபுரத்துக்காரர் ஆறுச்சாமியும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களை உட்காரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளிடம் படித்த இரண்டு பையன்களுக்கு உத்தரவு கொடுத்தீர்களே, அவர்கள் வீட்டுக்கும் போய் எப்போது கல்யாணம், எப்போது குழந்தை என்று கேட்டீர்களா என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைச் சொன்னார். "பையன்களை அப்படிக் கேட்கிற வழக்கமில்லம்மா. பொண்ணுக்குச் செலவு பண்ணிப் பயிற்சி கொடுத்து, அவ கல்யாணம் ஆகிப் போயிட்டா கம்பெனிக்கு நஷ்டம்னு மேல நினைக்கிறாங்க" என்றார். பையன்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் என்றேன். அதையும் கேட்கிற வழக்கமில்லை என்றார். பிறகு உன் அப்பாவைப் பார்த்து, பெற்றவரே தலை சுற்றும் என்று சொல்லிவிட்டார், நான் எழுதியும் விட்டேன், இனி நான் என்ன செய்ய என்று தோல்பையை எடுத்தார். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். மணியன் கண்ணைக் காட்டுகிறார், கையைக் காட்டுகிறார், இவர் திரும்பியே பார்க்கவில்லை. "நானு சொன்னது அத்தனையும் பொய்யிங்க. பொண்ணு பாக்க வர்றவிங்ககிட்டப் பொய்யி சொல்றது ஊரு வழக்கம். நீங்க கல்யாணக் கேள்வி கேட்டீங்க, நானு கல்யாணப் பதில் சொன்னேன். ஏரோப்ளேன் கேள்வி கேட்டிருந்தீங்கன்னா, எனக்கு அது தெரியாது, எம்புள்ளைக்குத்தான் தெரியும், அவளைப் போயிக் கேளுங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான், ஆனால் இதை அவரிடம் சொல்லிவிடாதே, தலைகால் தெரியாது.

கந்தவேல் சிரித்துவிட்டார். எழுதியதை எல்லாம் எங்கள் கண் முன்னாலேயே அடித்துவிட்டு, உன் அப்பா கடைசியில் சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டார். பணியாரத்தை மென்றுகொண்டிருந்த ஆறுச்சாமி, புள்ளை நிஜமாகவே ஏரோப்ளேன் ஓட்டுகிறதா என்று கேட்டார். ஓட்டுகிறது என்றோம். "எம்பையன் தென்னை மரத்துல பாதி ஏறுனாலே எறக்கிட்டு வர ஆளு உடோணுமுங்க. ஒத்து வராதுங்க" என்றார். கோபம் எல்லாம் ஒன்றும் இல்லை, இன்னொரு தட்டுப் பணியாரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கந்தவேலையும் தன் காரிலேயே ரயிலடிக்குக் கூட்டிப்போனார். மணியன் மட்டும் இந்தப் பக்கம் வருவதில்லை.

போன வியாழக்கிழமை உன் அப்பாவின் பனியன் கம்பெனிக்கு மதராஸிலிருந்து டிரங்கால் வந்தது. மெஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டார், அதனால் அந்தச் சேதியை முதலில் கேட்டது கம்பெனி முழுக்கவும்தான். உனக்கு வேலை கிடைத்துவிட்டது கண்ணு. ஆனால் மூன்று வருஷம் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று மேலே சொல்கிறார்களாம். அந்தப் பையன்களும் போடுகிறார்களா என்று உன் அப்பா கேட்டாராம், மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை, கேட்டது கெடுத்துவிட்டதோ என்று அவரும் சாப்பிடாமல் படுத்தார். சனிக்கிழமை மறுபடியும் டிரங்கால். உன் அப்பா கேட்டதற்காகப் பையன்களிடமும் அந்தக் காகிதத்தை நீட்டினால், இருவருக்குமே கார்த்திகையில் கல்யாணமாம், வேலையே வேண்டாம் என்கிறார்களாம். விமானத்தை ஓட்ட ஆள் வேண்டுமே என்று கம்பெனி அந்தக் காகிதத்தையே எடுத்துவிட்டது. உத்தரவு பம்பாய் விலாசத்துக்கே வருகிறது, இந்தக் கடிதத்துக்கு முன்னாலும் வந்திருக்கலாம். கல்யாணம் உன் இஷ்டம், நீ சொல்கிறபோது சொல், நாங்கள் கேட்க மாட்டோம். உன் அப்பா கேட்டால் எனக்கு எழுது.

எண்ணெய் தேய்த்துக் குளி. பயிற்சியில் வெறும் வயிற்றோடு மேலே போகாதே. கீழே இருப்பவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டு ஓட்டாதே, எதிரே பார்த்து ஓட்டு. கருப்பராயன் உனக்கு முன்னும் பின்னும் நிற்பான், நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, உனக்கு யூனிபாரம் தைக்க அளவு எடுக்கிறபோது பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று பாக்கெட்டை விட்டுவிடப் பார்ப்பார்கள். அந்தப் பையன்கள் சட்டையில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, உனக்கும் அத்தனை வைக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
பொ. தெய்வாத்தாள்