துரைசாணி கல்லறைக்கு மேல்பக்கம்

காலையிலிருந்து மானாப்புல் வாசம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. நிவித்திகல டவுனிலிருந்து வாடகைக்கு எடுத்த புல்வெட்டும் மிஷினை வைத்துப் பழைய மயானத்தைத் துப்புரவு செய்கிறார்கள். கறுவாப்பட்டை மரம் நடப்போகிறார்களாம். நான் ஈரப்பலாக்காய் சீவிக்கொண்டிருந்தேன். வாசம் வந்ததும் உன் நினைவு வந்தது. அழுகை வரவில்லை. காயைச் சீவி முடித்து அடுப்பில் வைத்தேன். நீ போய் மூன்று வருஷமாகியும் எனக்கு அப்படித்தான் இருக்கிறது, கை மரத்துப்போன மாதிரி.

அந்த மயானத்தில் பேர் வெட்டிய கல் ஒன்றே ஒன்றுதான். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெண்சாதி, நமக்குத் துரைசாணி. சுற்றியிருந்த இரும்பு வேலியை எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவளைச் சுற்றி நம் ஆட்கள், கொள்ளைநோயில் செத்த முதல் கூட்டத்திலிருந்து. நமக்கெல்லாம் கல் கிடையாது. தலைமாட்டில் ஒரு கம்பை நட்டுவிட்டு வருவார்கள். பிடித்தால் மரம், பிடிக்காவிட்டால் ஒன்றுமில்லை. மண்சரிவில் பாதி மயானம் கீழே போனபிறகுதான் தோட்டத்தில் ஆற்றோரமாக வேறு இடம் கொடுத்தார்கள். சரிவுக்கு முந்தின வருஷம் அங்கே போனது உன் பிள்ளை.

மூச்சில்லாமல் பிறந்த பிள்ளை. நம் பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கமில்லை. உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். குளித்துவிட்டு வந்து உன் வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான்: "துரைசாணி கல்லறைக்கு மேல்பக்கம். தலைமாட்டுல முள்முருக்குக் கம்பு நட்டிருக்கேன்."

வீட்டில் இருக்க முடியவில்லை என்று பத்தாம் நாளே கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். மத்தியானம் எல்லோரும் ரொட்டியைப் பிரிக்கும்போது நீ மட்டும் காணாமல் போவாய். மூன்றாம் நாள் பின்னாலேயே வந்தேன். அந்தக் கம்படியில் உட்கார்ந்து, கட்டிப்போன பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுக்கொண்டிருந்தாய். "ஒரு வாய்கூட குடிக்காம போயிருச்சுல்ல" என்றாய். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பால் வற்றியபிறகும் நீ போவதை நிறுத்தவில்லை. ஒரு தூறல் நாள் எதிர்மலையிலிருந்து கங்காணி பார்த்துவிட்டார். மழைக்காக வெள்ளை உரப்பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாய்.

"அங்கிட்டு யாரு நிக்கிறது?"

"துரைசாணிங்க" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான். "உச்சி நேரத்துல வருவா. பெத்த புள்ளைய தேடுறாளாம்."

துரைசாணிக்குப் பிள்ளை இருந்ததா என்று யார் கண்டது? கங்காணி அன்றைக்கே நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் அவளுக்குத் தொப்பி வந்தது, குதிரையும் வந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்களவர்கள் 'சுது நோனா', வெள்ளைச் சீமாட்டி, என்று பேர் வைத்து, விறகு பொறுக்க வருவதையே விட்டுவிட்டார்கள். இல்லாத குதிரையின் குளம்புச் சத்தத்தை நம் லயத்து வீடுகளில் நாலு பேர் கேட்டார்கள்.

"என்னைய பேயாக்கிட்டியேடி, பாவி" என்று சிரித்தாய். பிள்ளை போனபிறகு நீ சிரித்தது அன்றைக்குத்தான்.

"நல்லதுதான். பேயை எந்தக் கங்காணியும் வேலைக்கு வான்னு கூப்பிட மாட்டாரு."

மண்சரிவு வந்த மறுநாள் எல்லோருக்கும் முன்னால் நீதான் அங்கே ஓடினாய். சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எம் புள்ள இருக்கிற எடம் அப்புடியே இருக்குடி. மேல்பக்கம் ஒன்னும் ஆகல." கம்பு அதற்குள் துளிர்த்து இடுப்பளவு வந்திருந்ததாம்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னார். "மேல்பக்கம் தோண்டுனோம். பாறை. முழங்கால் ஆழம்கூட போகல. கீழ்ப்பக்கம்தான் வச்சோம். குழியில ஊத்துத்தண்ணி நின்னுச்சு. தண்ணிக்குள்ள வச்சோம்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டான்னு, அவ வீட்டுக்காரரு கம்ப மேல நட்டுட்டாரு." கீழ்ப்பக்கம் முழுக்க அந்தச் சரிவோடு ஆற்றுக்குப் போயிருந்தது.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ என் கையைப் பிடித்த பிடி இன்னும் விடாதது போல இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறப்போட்டேன். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. நீ வெறும் இடத்துக்கு மத்தியானம் மத்தியானமாகப் போய்வந்தாய். நான் உன் கூடைக்குக் காவல் இருந்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது, "என்னையும் அங்கனயே வைக்கச் சொல்லுடி" என்று கேட்டாய். சரி என்றேன். நீ போன அன்று ஆண்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். "பாதையே கெடையாது. போதாததுக்கு துரைசாணி வேற. அங்க யாரு போறது?" அது பேயில்லை, நான் கட்டிவிட்ட கதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைதான் அங்கே இல்லையே, எங்கே வைத்தால் என்ன என்று நினைத்தேன். உன்னை ஆற்றோரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எதுவும் தோன்றுவதில்லை.

இன்றைக்கு மத்தியானம் புதிதாக வந்த ஐயா ஒருவர் கொப்பியோடு வாசலுக்கு வந்தார். தோட்டத்து வேலைகளைப் பார்க்கிற சின்ன வயசுக்காரர். ஆட்கள் அந்த முள்முருக்கு மரத்தில் கத்தி வைக்கப் பயப்படுகிறார்களாம், தோட்டத்தில் பழைய ஆள் நான் என்று அனுப்பினார்களாம்.

"அந்த மரத்தடியில யாரையாவது வச்சிருக்காங்களா அம்மா? இருந்தா அத விட்டுட்டு நடுவோம். பேர் மட்டும் எழுதிக்கணும்."

உன் பேரைச் சொன்னேன். முழுப் பேரும், உன் அப்பா பேரோடு.

"தனியாவா?"

"இல்லைங்க. புள்ளையோட."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இனி இந்தப் பொய்யையும் நான்தான் காப்பாற்ற வேண்டும்.